எடையை வென்ற பந்தயக் கார்

மோட்டார் பந்தயம் என்றவுடன் பேராற்றல் வாய்ந்த எந்திரங்களே பலருடைய நினைவுக்கு வரும். ஆற்றல் மிகுந்த வண்டியே வெல்லும் என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதை 1956, 1957 ஆம் ஆண்டுகளில் மெய்ப்பித்துக் காட்டியது, இங்கிலாந்தில் உருவான 'லோட்டஸ் இலெவன்' என்னும் சிறு கார். அதை ஓட்டிய எந்திரமோ பந்தயத்திற்கென்று பிறந்ததன்று; தீயணைக்கப் பிறந்தது!

1950களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசாங்கம், தீயணைப்புப் படையினர் கையால் தூக்கிச் செல்லத்தக்க பம்பு ஒன்றை நாடியது. எடை குறைய வேண்டும்; இறைக்கும் நீரோ மிகவேண்டும். கவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்களான வால்டர் ஹாசனும் ஹாரி மண்டியும் அதற்கு வழி கண்டனர். எந்திரத்தின் உடலையும் தலைப்பகுதியையும் இரும்பால் வார்க்காமல் அலுமினியக் கலவையால் வார்த்தனர். 1,020 சி.சி. அளவுள்ள அந்த எந்திரத்திற்கு, 'இறகின் எடை' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளான 'எஃப்.டபிள்யூ.' என்பதே பெயராயிற்று.

தீ விபத்து நேர்ந்தால் எந்திரம் சூடேறும் வரை காத்திருக்க இயலாது. தொடங்கியவுடனே முழு வேகத்தில் சுழன்று, தீ அணையும் வரை ஓயாது உழைக்க வேண்டும். நெடுநேரப் பந்தயத்திற்கும் இத்தகைய உழைப்பே தேவை. பந்தய ஆர்வலர்கள் இதனை விரைவில் உணர்ந்தனர். அவ்வெந்திரத்தை 1,098 சி.சி. ஆகப் பெருக்கி, ஏறத்தாழ 75 குதிரைத் திறன் தருமாறு கார்களுக்கென அமைத்ததே 'எஃப்.டபிள்யூ.ஏ.' எந்திரம்.

இதனை நன்கு பயன்படுத்திக்கொண்டவர் கோலின் சாப்மன். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டடப் பொறியியல் பயின்ற இவர், வட இலண்டனில் ஹார்ன்சி என்னுமிடத்தில், தம் தந்தையார் நடத்திய ஹோட்டலின் பின்புறத்திலிருந்த பழைய குதிரை லாயத்தில் லோட்டஸ் தொழிலைத் தொடங்கியவர். லோட்டஸ் என்றால் தாமரை. கட்டடக் கலையில் ஒவ்வொரு விட்டமும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிடுவது போலவே சாப்மன் காரையும் கணக்கிட்டார். மெல்லிய எஃகுக் குழாய்களைக் கூடுபோல் பிணைத்துச் சட்டகம் அமைத்தார். அதன்மேல் ரிவெட் ஆணிகளால் பொருத்திய அலுமினியத் தகடுகள் காற்றை மறைப்பதோடு நில்லாமல் சட்டகத்திற்கு உறுதியும் சேர்த்தன. ஒரே உறுப்பு இரு பணிகளைச் செய்ய வேண்டும் என்பதே அவர் கொள்கை.

வெளியுடலை வகுத்தவர், டி ஹாவிலண்ட் விமானத் தொழிற்சாலையில் பணியாற்றிய பிராங்க் காஸ்டின். காற்றைக் கிழித்துச் செல்லும் விமானத்தின் இலக்கணத்தை அவர் தரையில் ஓடும் வண்டிக்கும் பொருத்தினார். இவ்வாறு உருவான காரின் எடை ஏறத்தாழ 450 கிலோ மட்டுமே. எடை குறையவே முடுக்குவதற்கு வேண்டிய ஆற்றலும், நிறுத்துகையில் பிரேக்குகள் தாங்கும் சுமையும், டயர் தேய்வும், பெட்ரோல் செலவும் குறைந்தன. 24 மணி நேரம் ஓட வேண்டிய பந்தயத்தில் இவை ஒவ்வொன்றும் நேரத்தை மிச்சப்படுத்துவனவாகும்.

பிரான்சு நாட்டின் லெ மான்ஸ் பந்தயத்தில் 1956 ஆம் ஆண்டு ரெக் பிக்னெல், பீட்டர் ஜாப் இருவரும் ஓட்டிய இலெவன் கார், 1,100 சி.சி. பிரிவில் வென்று, மொத்த வரிசையில் 7 ஆம் இடம் பெற்றது. அடுத்த ஆண்டு வெற்றி இன்னும் சிறப்புடையது. அப்பந்தயத்தில் முதற்பரிசேயன்றி, எந்திரத்தின் அளவைக் கருதி, அதற்குரிய தொலைவைவிட எவ்வளவு மிகுதியாக ஓடியது என்று கணக்கிட்டு வழங்கும் பரிசும் அக்காலத்தில் இருந்தது. கிளிஃப் அலிசன், கீத் ஹால் இருவரும் 744 சி.சி. எந்திரம் பூட்டிய இலெவனை ஓட்டி அப்பரிசை வென்றனர். அவ்வாண்டு முதலிடம் பெற்ற ஜாகுவாரின் எந்திரத்தில் இது ஐந்தில் ஒரு பங்கேயாகும். 1,100 சி.சி. பிரிவிலும் ஹெர்பர்ட் மக்கே-பிரேசர், ஜே சேம்பர்லேன் ஆகியோரின் இலெவனே முதலாவதாக வந்தது.

எனினும் இவ்வரலாற்றில் ஒரு துயரமும் உண்டு. லெ மான்ஸ் வெற்றிக்குப் பின் மூன்றே வாரங்களில், 1957 ஜூலை 14 ஆம் நாள், ரேம்ஸ் பந்தயத்தில் இலெவன் ஓட்டிய மக்கே-பிரேசர் விபத்துக்குள்ளாகி மாண்டார். எடையைக் குறைத்ததே அவ்விபத்திற்குக் காரணம் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் அக்காலத் திறந்த பந்தயக் கார்களில் ஓட்டுநருக்குக் காப்பு மிகக் குறைவு என்பதை மறத்தலாகாது. பிற்காலப் பந்தயக் கார்களில் ஓட்டுநரைக் காக்கும் கம்பி வளையமும் இருக்கை வார்களும் கட்டாயமாயின. அவற்றால் எடை கூடிற்று. அது தேவையான எடை.

ஏறத்தாழ 270 இலெவன் கார்கள் செய்யப்பட்டன. லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பங்கை 1996 இல் மலேசியாவின் புரோட்டான் வாங்கியதும், 2017 இல் சீனாவின் ஜீலி 51 விழுக்காட்டுப் பங்கைப் பெற்றதும் பிற்கால வரலாறு.

மென்மையான மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். இறகின் பெயர் தாங்கிய எந்திரத்தால் சிறு கார் ஒன்று பெற்ற வெற்றி, அவ்வுண்மைக்கு நல்ல சான்றாகும். வேண்டாத எடையைக் களைவது அறிவு. வேண்டிய எடை எதுவென்று தெளிவது அதனினும் பேரறிவு.