ஆடவர் சட்டையின் தரமறிதல்

ஆடவர் சட்டையின் தரமறிதல் என்பது ஆண்கள் அணியும் நெய்த துணிச் சட்டையின் இழை, நூல், நெசவு, சாயம், தையல் ஆகியவற்றை ஆராய்ந்து, அது எவ்வளவு காலம் உழைக்கும், துவைத்த பின்னும் வடிவம் மாறாதிருக்குமா என்பதை வாங்கும் முன்பே மதிப்பிடுதல் ஆகும். துணி வாங்கித் தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைக்கும் முறையில் வாங்குபவர் துணியை மட்டும் பார்த்தால் போதும். தையலுக்குத் தையற்காரர் பொறுப்பாவார். ஆயத்த ஆடையில் இரண்டையும் வாங்குபவரே பார்க்க வேண்டியுள்ளது. விலையும் வணிகப் பெயரும் தரத்திற்கு உறுதியான சான்றுகள் அல்ல. எனினும் தரத்தின் பெரும்பாலான அடையாளங்களைக் கருவி எதுவுமின்றிக் கண்ணாலும் கையாலும் அறிய இயலும்.

இழை

சட்டைத் துணிக்குப் பருத்தியே முதன்மையான இழையாகும். பருத்தியின் தரத்தை முடிவு செய்யும் பண்புகளுள் இழையின் நீளம் முக்கியமானது. குட்டை இழைகளால் நூற்ற நூலில் இழைமுனைகள் மிகுதியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இவை உராய்வினால் சுருண்டு சிறு உருண்டைகளாகின்றன. நீண்ட இழை, மெல்லிய நூலையும் வலிமையாக நூற்க இடமளிக்கிறது. எகிப்தின் கீசா, அமெரிக்காவின் பிமா, மேற்கிந்தியத் தீவுகளின் கடல்தீவுப் பருத்தி ஆகியன பெயர்பெற்ற மிகுநீள இழை வகைகளாகும். இந்தியாவின் சுவின் வகை, சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்னும் இரு வகைகளைக் கலப்பினம் செய்து 1970களில் கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டது. அவ்விரு பெயர்களும் சேர்ந்தே சுவின் என்றாயிற்று.

உலகில் விளையும் பருத்தியில் மிகுநீள இழை வகைகளின் பங்கு மிகச் சிறியது. எனவே சட்டையில் தைத்துள்ள சீட்டில் காணும் பெயரை மட்டும் நம்ப இயலாது. 2016ஆம் ஆண்டில் எகிப்தியப் பருத்தி என்ற பெயரில் விற்கப்பட்ட படுக்கை விரிப்புகள் வேறு பருத்தியால் ஆனவை எனக் கண்டறிந்த அமெரிக்கப் பெருவணிக நிறுவனம் ஒன்று அவற்றை விற்பனையிலிருந்து நீக்கியது.

நூற்பாலையில் குட்டை இழைகளைச் சீவி நீக்கிய பின் நூற்கப்படும் நூல் கோம்டு நூல் எனப்படும். இவ்வாறு சீவப்படாத கார்டட் நூலைவிட இது வழவழப்பானது, விலையும் கூடியது.

பருத்தியுடன் பாலியெஸ்டர் கலந்த துணி சுருங்காது, விரைவில் உலரும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு ஈரத்தை இயல்பாகத் தாங்கியிருக்க, பாலியெஸ்டர் ஏறத்தாழ 0.4 விழுக்காடே தாங்கும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் கலப்புத் துணி புழுக்கமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

எரித்துப் பார்த்தல்

துணியின் உட்புற ஓரத்திலிருந்து இரண்டு மூன்று நூல்களை உருவி, இடுக்கியால் பிடித்து எரித்துப் பார்ப்பது பழைய சோதனை முறையாகும். பருத்தி காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருங்கிக் கடினமான மணியாக இறுகும். கலப்புத் துணியில் இரண்டின் தன்மையும் காணப்படும். விஸ்கோஸ் பருத்தியைப் போலவே எரிவதால் இச்சோதனை அவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது.

நூல் எண்

ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கெச நீளம் கொண்ட சிட்டங்கள் எத்தனை உள்ளனவோ அதுவே பருத்தி நூலின் எண் ஆகும். இது வழக்கில் கவுண்ட் எனப்படும். 40ஆம் எண் நூல் ஒரு பவுண்டில் 33,600 கெசமும், 100ஆம் எண் நூல் 84,000 கெசமும் இருக்கும். அதாவது எண் கூடக்கூட நூல் மெல்லியதாகும்.

இரு நூல்களை முறுக்கிச் சேர்த்தது இரட்டை நூல் எனப்படும். 100ஆம் எண்ணின் இரட்டை நூல் பருமனில் 50ஆம் எண் ஒற்றை நூலுக்கு நிகரானது; ஆயினும் அதைவிடச் சீரானதும் வலிமையானதும் ஆகும். ஆகவே எண்ணுடன், நூல் ஒற்றையா இரட்டையா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். பாவு மட்டும் இரட்டையாகவும் ஊடை ஒற்றையாகவும் உள்ள துணிகளும் விற்கப்படுகின்றன.

எண் கூடினால் தரம் கூடும் என்பது தவறான கருத்தாகும். ஆக்ஸ்போர்டு வகைத் துணி பருத்த நூலாலேயே நெய்யப்படுகிறது; அதன் உழைப்பே அதன் சிறப்பு. மிக உயர்ந்த எண் கொண்ட துணி பட்டுப்போல் இருப்பினும் எளிதில் கசங்கும், விரைவில் நைந்துபோகும்.

நெசவும் முடித்தலும்

துணியை வெளிச்சத்தின் முன் பிடித்தால் நெசவின் நெருக்கமும் சீர்மையும் தெரியும். கீற்றுக் கீற்றாக ஒளி ஊடுருவினால் நூலின் பருமன் சீராக இல்லை என்பது பொருள். நெருக்கமற்ற நெசவை மறைக்கக் கஞ்சி மிகுதியாகச் சேர்க்கப்படுவதும் உண்டு. துணியை இரு கைகளாலும் கசக்கும்போது வெண்தூள் உதிர்ந்தாலோ முதற் சலவையில் துணி துவண்டு போனாலோ அதன் விறைப்பு கஞ்சியால் வந்ததாகும்.

நெசவின்போது இழுத்துப் பிடிக்கப்பட்ட நூல்கள் நனைந்ததும் தளர்வதால் துணி சுருங்குகிறது. இதனை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கும் முறைக்குச் சான்போர்டு குளூவெட் என்பவர் 1930ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவர் பெயராலேயே இது சான்பரைசிங் எனப்படுகிறது. எரிசோடாவால் நூலுக்குப் பளபளப்பும் வலிமையும் ஊட்டும் முறை, அதைக் கண்ட ஜான் மெர்சரின் பெயரால் மெர்சரைசிங் எனப்படுகிறது.

சுருக்கமே விழாத பருத்திச் சட்டைகள் பிசின் ஊட்டி உருவாக்கப்படுகின்றன. இஸ்திரி போடும் வேலை குறையும். ஆனால் பிசின் பருத்தியின் வலிமையைக் குறைப்பதால் காலர் ஓரமும் கைப்பட்டி ஓரமும் விரைவில் தேய்கின்றன.

சாயம்

நனைத்த வெள்ளைத் துணியால் சட்டையின் உட்புறத்தை அழுத்தித் தேய்த்தால் நிறம் ஒட்டுகிறதா எனக் காணலாம். ஆய்வகங்களில் இதே சோதனை கருவி கொண்டு செய்யப்பட்டு 1 முதல் 5 வரை மதிப்பிடப்படுகிறது. 5 மிகச் சிறந்தது. வெளிச்சத்தில் வெளுக்காத தன்மை 1 முதல் 8 வரை அளக்கப்படுகிறது.

கட்டம், கோடு போட்ட துணிகளில் நிறம் மறுபக்கமும் அதே அளவு தெளிவாகத் தெரிந்தால் அது சாயமிட்ட நூலால் நெய்யப்பட்டது எனலாம். மறுபக்கம் மங்கலாக இருந்தால் அது பெரும்பாலும் அச்சிட்டதாகும்.

சாயம் கசிவது எப்போதும் குறையாகவே கருதப்பட்டதில்லை. 1960களில் மெட்ராஸ் கட்டத் துணி அமெரிக்காவில் சாயம் கசியும் என்பதையே சிறப்பாகக் கூறி விற்கப்பட்டது.

தையல்

துணியைவிடத் தையலில் சிக்கனம் செய்வது எளிது. அது கடையில் கண்ணுக்குப் படாது. எனவே சட்டையை உட்புறம் திருப்பிப் பார்த்தல் வேண்டும். கவனிக்கத் தக்கவை பின்வருவன:

• தையல் நெருக்கம்: மலிவான சட்டைகளில் ஓர் அங்குலத்திற்கு 8 முதல் 10 தையல்களே இருக்கலாம். நல்ல சட்டைகளில் இது 16க்கு மேலும் இருக்கும். நெருக்கமாகத் தைக்க நேரம் கூடுதலாகும், அதுவே செலவாகும்.

• பக்க இணைப்பு: துணியின் ஓரங்கள் ஒன்றினுள் ஒன்று மடித்துத் தைக்கப்பட்டிருந்தால் பிசிறு வெளியே தெரியாது. ஓவர்லாக் மட்டும் செய்த இணைப்பு மலிவானது.

• காலர்: இதனுள் வைக்கப்படும் கேன்வாஸ், வெப்பத்தால் ஒட்டப்பட்டோ ஒட்டாமல் தைக்கப்பட்டோ இருக்கும். சரியாக ஒட்டப்படாத காலர் சில சலவைகளில் கொப்புளம் போல் எழும்பும். இதனை இஸ்திரியால் சரிசெய்ய இயலாது. இரு காலர் முனைகளும் ஒரே நீளத்தில், ஒரே கூர்மையில் இருத்தல் வேண்டும்.

• கோடு பொருத்தம்: சட்டைப்பையின் கட்டங்கள் உடலின் கட்டங்களோடும், பொத்தான் பட்டியின் இருபுறமும் ஒன்றோடொன்றும் பொருந்த வேண்டும். இதற்குத் துணி கூடுதலாக வீணாகும் என்பதால், இது தயாரிப்பாளரின் அக்கறையைக் காட்டும் நம்பகமான அடையாளமாகும்.

• காஜா: காஜாவின் நூல் நெருக்கமாகவும் பிசிறின்றியும் இருத்தல் வேண்டும். விரல் நுனியால் மெல்ல விரித்தால் தரக்குறைவான காஜாவில் துணி நூலைவிட்டு விலகும்.

• பொத்தான்: முத்துச்சிப்பிப் பொத்தான் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், நெகிழிப் பொத்தான் அவ்வாறு இராது. பொருள் எதுவாயினும், பொத்தானுக்கும் துணிக்கும் இடையே நூல் சுற்றிக் காம்பு போல் அமைத்திருந்தால் அது எளிதில் அறுந்து விழாது.

• நேர்வெட்டு: பாவு நூலின் போக்கிற்கு நேராக வெட்டப்படாத சட்டையில், துவைத்தபின் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வரும்.

தோள்பட்டைத் துண்டு இரண்டாகப் பிரித்துத் தைக்கப்பட்டிருப்பதும் உயர்தரத்தின் அடையாளமாகக் கூறப்படுவதுண்டு. அளவெடுத்துத் தைக்கும்போது, ஒன்றுக்கொன்று உயரம் மாறுபட்ட தோள்களுக்கு ஏற்பச் சரிசெய்ய இது உதவும். ஆயத்தச் சட்டையில் இதன் பயன் பெரும்பாலும் அழகு மட்டுமே.

விலையும் தரமும்

சட்டையின் விலையில் துணி, தையல் ஆகியவற்றுடன் விளம்பரம், கடை வாடகை, விற்பனையாளரின் இலாபம் ஆகியனவும் அடங்கும். ஆதலால் விலை இருமடங்கானால் தரமும் இருமடங்காவதில்லை. அடிக்கடி அணியும் சட்டைக்கு அதன் விலையை அணியும் தடவைகளால் வகுத்துப் பார்ப்பது பொருத்தமான கணக்காகும். 300 ரூபாய்ச் சட்டை 20 முறையில் நைந்தால் ஒரு முறைக்கு 15 ரூபாய். 900 ரூபாய்ச் சட்டை 100 முறை உழைத்தால் ஒரு முறைக்கு 9 ரூபாய். எனினும் முதலில் 900 ரூபாய் கையில் இல்லாதவர் கூடுதல் செலவுள்ள வழியையே தேர்ந்தெடுக்க நேர்கிறது. தரமறியும் திறன் அத்தகையோருக்கே மிகுந்த பயனளிக்கும்; 300 ரூபாய்ச் சட்டைகளுக்குள்ளும் தையலில் வேறுபாடு உண்டு.

தரமும் தொழிலாளர் நிலையும்

சட்டையின் தரம் அதைத் தைத்தவரின் பணிச்சூழலைக் காட்டாது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கிருந்த தொழிற்சாலைகள் மேலைநாட்டு வணிகப் பெயர்களுக்கு ஆடை தைத்துவந்தன. நேரான தையலும் நெருக்கமான காஜாவும் கைத்திறனுக்குச் சான்று. அக்கைகளுக்குத் தக்க ஊதியமும் பாதுகாப்பும் கிடைத்தன என்பதற்கு அவை சான்றாகா.

இவற்றையும் பார்க்க

• பருத்தி
• நெசவு
• கைத்தறி
• தையல் இயந்திரம்
• சாயமிடல்