வலைப்பக்கச் சித்திரங்கள்: எஸ்விஜியும் கேன்வாஸும்

வலைப்பக்கத்தில் சித்திரம் தீட்டுவதற்கு இன்று பெருவழக்காயுள்ள முறைகள் இரண்டு: உருவங்களைக் கணித விவரங்களாகக் குறித்துவைக்கும் எஸ்விஜி என்னும் வெக்டார் முறை ஒன்று, நிறப்புள்ளிகளாகிய பிக்சல்களை நேரே திரையில் நிரப்பும் கேன்வாஸ் முறை மற்றொன்று. 1998-ஆம் ஆண்டில் அடோபி முதலிய நிறுவனங்கள் சமர்ப்பித்த பிஜிஎம்எல், மைக்ரோசாஃப்ட் முதலியன சமர்ப்பித்த விஎம்எல் ஆகிய போட்டித் திட்டங்களைப் பரிசீலித்த உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, அவற்றுள் எதனையும் அப்படியே ஏற்காமல் புதிதாக வகுத்து 2001 செப்டம்பரில் வெளியிட்டதே எஸ்விஜி. கேன்வாஸோ 2004-இல் ஆப்பிள் நிறுவனத்தால் அதன் கணினிகளின் டாஷ்போர்டு என்னும் வசதிக்காக ஆக்கப்பட்டு, பின்னர் எச்டிஎம்எல்5-இல் இடம்பெற்றது.

இவ்விரண்டின் பேதமெல்லாம் ஞாபகம் என்னும் ஒரு விஷயத்தில் அடங்கும். எஸ்விஜியில் ஒரு சிவப்பு வட்டம் வரைந்தால், அதன் மையம், ஆரம், நிறம் ஆகியவை எழுத்தாகவே கோப்பில் நிற்பதாலும், உலாவி அவ்வட்டத்தைத் தனிப்பொருளாகப் பேணுவதாலும், எவ்வளவு பெரிதாக்கினும் விளிம்பு கணக்கிடப்பட்டுச் செம்மையாகவே தோன்றும். வாசகர் அதனைத் தொட்டால், தொடப்பட்டது இன்னதென்று உலாவியே அறியும். கேன்வாஸில் அதே வட்டம் தீட்டி முடிந்த கணமே வெறும் புள்ளிகளாகிவிடுகிறது. சற்றே நகர்த்த வேண்டினும் அவ்விடத்தை அழித்து மீண்டும் வரையவேண்டும்.

1000-க்கு 600 பிக்சல் பரப்புள்ள கேன்வாஸ், புள்ளிக்கு நான்கு பைட் வீதம் 24 லட்சம் பைட் நினைவகத்தைக் கொள்ளும். அடர்த்தி இரட்டித்த திரையில் தெளிவு குன்றாதிருக்க அகலம், உயரம் இரண்டையும் இருமடங்காக்கினால் அது 96 லட்சமாகும். ஆயினும் உருவங்கள் பெருகுவதால் இச்செலவு ஏறுவதில்லை. ஆயிரக்கணக்கான துகள்கள் கணந்தோறும் இடம்மாறும் விளையாட்டுகளில், ஒவ்வொன்றையும் தனித்தனியே பேண முயன்று எஸ்விஜி தளர்ந்துவிட, கேன்வாஸ் சிரமமின்றி ஓடுகிறது. புகைப்படத்தைத் திருத்துவதற்கும் அதுவே உகந்தது.

தேசப்படம், புள்ளிவிவர வரைபடம், நிறுவனச் சின்னம் ஆகியவற்றுக்கு எஸ்விஜியையே முதலில் நாடுவது உசிதம். அதில் எழுதிய சொற்கள் சொற்களாகவே நிலைப்பதால் தேடுவோர்க்கு அகப்படும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களும் அவற்றைப் படித்துச் சொல்லும். இந்த ஒரு நன்மைக்காகவே சிறிது வேகத்தை இழக்கலாம். கேன்வாஸைத் தேர்வோர் அச்சொற்களை வேறாக எழுதிச் சேர்ப்பது கடமையாகும். லட்சக்கணக்கான தரவுப்புள்ளிகளைக் கொண்ட வரைபடங்களில், புள்ளிகளைக் கேன்வாஸில் தீட்டி, அச்சுக்கோடுகளையும் பெயர்களையும் அதன்மேல் எஸ்விஜி அடுக்காக வைக்கும் கலப்புமுறையும் அனுபவசாலிகளிடையே வழக்கிலுள்ளது.