பித்தளைத் தகட்டில் ரயில் நிலையம்: எட்சிங் மாதிரிக் கட்டடங்களின் வரலாறு

எட்சிங் பித்தளைக் கட்டடங்கள்: மெல்லிய பித்தளைத் தகட்டை ஒளியின் துணையோடு வேதிக் கரைசலில் அரித்து, கிடைக்கும் உறுப்புகளை மடித்துப் பற்றவைத்து உருவாக்கும் சிற்றளவுக் கட்டடங்கள். மாதிரி ரயில் அமைப்புகளில் நிலையக் கட்டடம், நடைமேம்பாலம், சிக்னல் கேபின், கைகாட்டி மரம், தண்ணீர்த் தொட்டியின் தாங்கிகள், லெவல் கிராசிங் கேட், வேலி ஆகியவை இம்முறையில் செய்யப்படுகின்றன. தகட்டின் கனம் பெரும்பாலும் கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டர் வரை. எல்லா உறுப்புகளும் ஒரே தகட்டுச் சட்டத்தில் மெல்லிய காம்புகளால் பிடித்துக்கொண்டு வரும். வாங்கியவர் காம்புகளை நறுக்கி எடுத்து, அரத்தால் தேய்த்து, மடித்து, ஈயப்பற்று வைத்துக் கட்டடத்தை எழுப்ப வேண்டும்.

மேல்நாட்டுப் பொழுதுபோக்காக வளர்ந்த கலை இது. ஆனால் இதற்கு வேண்டிய தொழில்நுட்பம் தமிழ்நாட்டு அச்சகங்களுக்கும் பாலிடெக்னிக் ஆய்வகங்களுக்கும் பித்தளைப் பட்டறைகளுக்கும் நெடுங்காலமாகப் பழக்கமானது. நம்மிடம் குறைவாக இருப்பது, நம் ரயில் நிலையங்களை அளந்து வரைந்த வரைபடங்கள்தான். விழுப்புரம்–காட்பாடி பழைய மீட்டர் கேஜ் பாதையும் அதன் நடுவிலுள்ள திருவண்ணாமலையும் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

அச்சகம் தந்த முறை

உலோகத்தில் மெழுகோ பிசினோ பூசி, கோடுகளைக் கீறி, அமிலத்தில் இட்டு அரிப்பது ஐரோப்பியக் கவசத் தொழிலாளர் கையாண்ட பழைய முறை. கீறும் வேலையைக் கையிடமிருந்து ஒளியிடம் மாற்றியது 19-ஆம் நூற்றாண்டு. பிரான்சில் நிசெபோர் நியெப்ஸ் 1826-இல் ஒளிபட்டால் இறுகும் ஒருவகை நிலக்கீலை உலோகத் தகட்டில் பூசி, கார்டினல் தாம்புவாஸ் என்பவரின் அச்சுப் படம் ஒன்றை அதன்மேல் படியெடுத்தார். பின்னர் அந்தத் தகட்டை அமிலத்தில் அரித்து, அதிலிருந்து காகிதத்தில் அச்சிடவும் முடிந்தது. இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பாட் 1852-இல் பைகுரோமேட் கலந்த ஜெலட்டினைக் கொண்டு காப்புரிமை பெற்றார். 1858-இல் அவர் வெளியிட்ட திருந்திய முறையில் உலோகத்தை அரிக்கப் பயன்பட்டது ஃபெர்ரிக் குளோரைடு கரைசல். இன்று மாதிரிக் கட்டடத் தகடுகளை அரிப்பதும் பெரும்பாலும் அதே கரைசல்தான்.

இந்தியாவில் இத்துறையின் முன்னோடி கல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி, சத்யஜித் ராயின் பாட்டனார். 1895-இல் தொடங்கிய தம் நிறுவனத்தில், நுண்புள்ளிகளால் படம் அச்சிடும் ஹாஃப்டோன் பிளாக் செய்யும் முறையைத் தாமே ஆராய்ந்து மேம்படுத்தினார். லண்டனிலிருந்து வந்த பென்ரோஸ் ஆண்டுமலரில் அவருடைய கட்டுரைகள் வெளியாயின.

தமிழ் வாசகர்கள் இந்தத் தொழிலின் பயனை வாரந்தோறும் கையில் பிடித்துப் பார்த்தவர்கள். ஆனந்த விகடனில் மாலியின் கோட்டுச் சித்திரமும், கல்கியில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த ஓவியங்களும் அச்சாவதற்கு முன் பிளாக் ஆக வேண்டியிருந்தது. படத்தைப் புகைப்படமெடுத்து, துத்தநாகத் தகட்டில் ஒளியால் பதித்து, அமிலத்தில் அரித்து, மரக்கட்டைமேல் அறைந்தால் பிளாக் தயார். கோடு நிற்க வேண்டும், வெளி கரைய வேண்டும். அரிப்பு ஆழமானால் மெல்லிய கோடும் சேர்ந்து போய்விடும். பிளாக் செய்தவர்களின் இந்த அன்றாடக் கவலை, இன்று பித்தளையில் ஜன்னல் கம்பி அரிப்பவரின் கவலையும்தான். ஆஃப்செட் வந்தபின் பிளாக் தொழில் மறைந்தது. ஒரு தலைமுறையின் கைத்திறம் வேறு தொழிலுக்கு மடைமாறாமல் போனது வருத்தத்துக்குரியது.

மின்சுற்றும் வண்ணத் தொலைக்காட்சியும்

இதே முறை 20-ஆம் நூற்றாண்டில் பொறியியலுக்குள் நுழைந்தது. ஆஸ்திரியாவிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்த பால் ஐஸ்லர் 1930-களில் செப்புத் தாளை அரித்து மின்சுற்று அமைத்த வானொலிப் பெட்டியைச் செய்துகாட்டினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது மின்னணுத் தொழிலுக்கே அடித்தளமானது. வண்ணத் தொலைக்காட்சிக் குழாய்களில் திரைக்குப் பின்னால் இருந்த நுண்துளைத் தகடு, ஐசி சில்லுகளின் கால் சட்டம் ஆகியவையும் ஒளியரிப்பு முறையில் பிறந்தவை. இத்தொழில்களுக்காக வந்த, ஒளிபட்டால் இறுகும் ஒட்டுப்படலமான ஃபோட்டோரெசிஸ்ட், இருபுறமும் கரைசலைப் பீய்ச்சும் இயந்திரம் முதலியவை விலை குறைந்து சிறு பட்டறைகளுக்கும் எட்டின. மாதிரி ரயில் தொழில் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டது.

தமிழ்நாட்டில் மின்னணுவியல் படித்தவர்கள் பலர், பிளாஸ்டிக் தட்டில் பழுப்பு நிறக் கரைசலை ஊற்றி, செப்புப் பலகையை ஆட்டி ஆட்டித் தங்கள் முதல் மின்சுற்றைச் செய்திருப்பார்கள். சட்டையில் பட்டால் போகாத அந்தக் கறையும் அவர்களுக்கு நினைவிருக்கும். தகடு மாறினாலும் வேலை ஒன்றே.

தகரப் பொம்மையிலிருந்து பித்தளைக்கு

ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் சந்தையில் தண்டவாள அகலத்துக்கு எண் வரிசை வகுத்த ரயில் பொம்மைகளைக் காட்டியது. அக்காலத்து நிலையங்கள் வண்ணம் அச்சிட்ட தகரத்தால் ஆனவை. அழகானவை, ஆனால் அளவுக்கு ஒத்தவை அல்ல. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் ரயில் பொம்மை விற்கத் தொடங்கினார். அதன்பின் வந்த பொழுதுபோக்காளர்கள் உண்மைக் கட்டடத்தைத் துல்லியமாகச் சுருக்க விரும்பி அட்டையைக் கையில் எடுத்தனர். ராய் இங்கிலாண்ட் 1954-இல் நிறுவிய பெண்டன் அருங்காட்சியகத்தின் கிராமத்து வீடுகள் அட்டையிலேயே செய்யப்பட்டவை. அட்டையில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இன்றும் அதுவே உரைகல். ஜெர்மனியின் ஃபாலர் போன்ற நிறுவனங்கள் போருக்குப் பின் பிளாஸ்டிக் கட்டடங்களைப் பெருவாரியாக விற்றன.

பிளாஸ்டிக்குக்கு ஒரு வரம்பு உண்டு. அச்சில் வார்க்கும் கம்பி அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் முறியும். பருமனாக விட்டால் பொம்மை போலத் தோன்றும். உண்மையான நடைமேம்பாலத்தின் குறுக்குப் பட்டை 50 மில்லிமீட்டர் அகலம் என்றால் 1:87 அளவில் (உண்மையின் 87-இல் ஒரு பங்கு) அது 0.57 மில்லிமீட்டர், 20 மில்லிமீட்டர் ஜன்னல் கம்பி 0.23 மில்லிமீட்டர். இந்த மென்மையை உறுதியோடு தருவது உலோகமே. பிரிட்டனில் 1970-களில் ரயில் எஞ்சின்களுக்கும் பெட்டிகளுக்கும் அரித்த பித்தளைத் தொகுப்புகள் பரவின. கட்டடங்களுக்கான உறுப்புகள் அவற்றைப் பின்தொடர்ந்தன. முழுக் கட்டடத்தைவிட ஜன்னல், படிக்கட்டு, கைப்பிடி, அலங்கார வளைவு முதலியவையே அதிகம் விற்றன. பிரிட்டனின் ஸ்கேல் லிங்க், அமெரிக்காவின் கோல்டு மெடல் மாடல்ஸ் ஆகியவை இத்துறையில் அறியப்பட்ட பெயர்கள். ஜப்பானும் பின்னர் கொரியாவும் அமெரிக்கச் சந்தைக்குப் பித்தளை எஞ்சின்களைக் கைவேலையாகச் செய்து அனுப்பியது இதற்கு இணையான தனி வரலாறு.

தகடு உருவாகும் விதம்

முதலில் வரைபடம். கணினியில் கட்டடத்தின் ஒவ்வொரு முகமும் முன்புறம், பின்புறம் என இரண்டு படலங்களாக வரையப்படும். இரண்டு புறமும் திறந்துவிட்ட இடம் முழுதும் அரிபட்டுத் துளையாகும். ஒரு புறம் மட்டும் திறந்தால் பாதி ஆழம் அரியும். இந்தப் பாதி அரிப்புதான் இக்கலையின் உயிர். செங்கல் வரி, கதவின் பலகைப் பிரிவு, ஓட்டு வரிசை, மடிக்க வேண்டிய கோடு எல்லாம் அதனால் வருகின்றன. மடிப்புக் கோடு உட்புறமாக வரும்படி மடித்தால் மூலை செங்கோணமாக நிற்கும்.

பிறகு தகட்டைக் கொழுப்பு நீங்கத் துடைத்து, ஃபோட்டோரெசிஸ்ட் ஒட்டி, இருபுறமும் ஃபிலிம் வைத்துப் புற ஊதா ஒளியில் காட்டி, சோடா கரைசலில் கழுவி, சூடான ஃபெர்ரிக் குளோரைடைப் பீய்ச்சுவார்கள். கரைசல் கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை, பக்கவாட்டிலும் தின்னும். ஆகவே வரைபடத்திலேயே கோட்டைச் சற்றுத் தடிப்பாக வரைந்து ஈடுசெய்ய வேண்டும். தகட்டின் கனத்தைவிடச் சிறிய துளை சுத்தமாக வராது என்பது பொதுவான கணக்கு. பயன்படுத்திய கரைசலில் செம்பு கரைந்திருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றுவது நீருக்கும் மண்ணுக்கும் கேடு. சலவைச் சோடாவால் செம்பைப் படியவைத்துப் பிரித்தெடுக்க வேண்டும்.

கட்டும் வேலை நம் ஊர்ப் பொற்கொல்லருக்குப் புதிதல்ல. சாமணம், அரம், சிறு இடுக்கி ஆகியவையே கருவிகள். ஈயப்பற்றில் உருகுநிலை வேறுபாடு முக்கியம்: 188 டிகிரி செல்சியஸில் உருகும் பற்றால் சுவர்களை இணைத்துவிட்டு, 145 டிகிரியில் உருகும் பற்றால் சிறு அலங்காரங்களை வைத்தால், முதலில் வைத்த பற்று இளகாது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவர்கள் நவச்சாரத்தால் செய்த வேலையை, இங்கே நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் செய்கிறது. பித்தளைக்குப் பதிலாக ஜெர்மன் சில்வர் தகட்டை விரும்புவோரும் உண்டு. வெப்பம் மெல்லப் பரவுவதால் பற்று வைத்த இடத்திலேயே நிற்கும்.

விழுப்புரம்–காட்பாடி பாதை

தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை 1890-களின் தொடக்கத்தில் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி நோக்கிப் போடப்பட்டது. அது எவ்வளவு புதியது என்பதற்கு ரமண மகரிஷியின் வாழ்க்கையிலேயே சான்று இருக்கிறது. 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையை விட்டுக் கிளம்பிய சிறுவன் வேங்கடராமன் (பின்னாளைய ரமணர்) பார்த்தது பழைய நிலப்படம். அதில் இந்தப் பாதை இல்லாததால் திண்டிவனத்துக்குச் சீட்டு எடுத்தார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் இருப்பது வண்டியில் உடன்வந்த மௌல்வி ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. மாம்பழப்பட்டு வரை ரயில், அங்கிருந்து நடை, திருக்கோவிலூரிலிருந்து மீண்டும் ரயில் என்று செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை வந்து சேர்ந்தார்.

மீட்டர் கேஜ் என்றால் தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டர். 1:87 அளவில் அது 11.5 மில்லிமீட்டர் ஆகும். சுவிட்சர்லாந்து மலைப்பாதைகளுக்காக உலகச் சந்தையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் இதற்கு ஏறக்குறையச் சரியாகப் பொருந்தும். அகலப்பாதைக்கு இந்த வசதி கிடையாது: 1,676 மில்லிமீட்டர் என்பது 1:87-இல் 19.3 மில்லிமீட்டர், கடையில் கிடைப்பதோ 16.5. ஆகவே தமிழ்நாட்டை மாதிரியில் செய்ய நினைப்பவருக்கு மீட்டர் கேஜ் காலமே சிறந்த தேர்வு என்பது இக்கட்டுரையின் உறுதியான கருத்து.

மங்களூர் ஓட்டுக் கூரை, இரும்புத் தூண், ஓரத்தில் வெட்டு வேலைப்பாடுள்ள மரத் தொங்கல், கம்பி ஜன்னல், நடைமேடை முனையில் தண்ணீர்க் குழாய், தொலைவில் கைகாட்டி: தென்னிந்திய மீட்டர் கேஜ் நிலையங்களில் பரவலாகக் காணப்பட்ட இவை அனைத்தும் பித்தளைத் தகட்டுக்கென்றே அமைந்தவை. 30 மீட்டர் நீளமுள்ள நிலையம் 1:87 அளவில் 34 சென்டிமீட்டர். மேசையில் வசதியாக அடங்கும். மஞ்சள் பெயர்ப்பலகையில் எழுத்து 20 சென்டிமீட்டர் உயரம் என்றால் மாதிரியில் 2.3 மில்லிமீட்டர். இந்த அளவில் ‘திருவண்ணாமலை’ என்பதைப் பாதி அரிப்பில் புடைப்பெழுத்தாகவே கொண்டுவரலாம். 1:160-க்குச் சுருக்கினால் ‘ண்ணா’வின் சுழிகள் அடைந்துபோகும், அங்கே அச்சிட்ட தாளே மேல்.

ஊரின் கோயிலுக்குப் பித்தளைத் தகடு பொருந்தாது. அண்ணாமலையார் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 11 நிலை, சுமார் 66 மீட்டர் உயரம். 1:160 அளவில் 41 சென்டிமீட்டர். அதன் சுதைச் சிற்பங்களின் திரட்சியைத் தட்டைத் தகட்டால் காட்ட முடியாது. பிசினில் வார்ப்பதோ முப்பரிமாண அச்சோதான் சரி. கோயிலுக்குப் பின்னுள்ள மலையின் உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 814 மீட்டர். ஊர்த் தரையிலிருந்து கணக்கிட்டாலும் 1:160 அளவில் ஏறத்தாழ 4 மீட்டர் வரும். மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை அதே அளவில் 87 மீட்டர். வீட்டில் செய்பவர் மலையைப் பின்திரையில் தீட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்றைய நிலை

புணே நகரின் ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் 1998-இல் திறக்கப்பட்டது. இந்தியாவில் ஓடும் மாதிரி அமைப்பைப் பொதுமக்கள் காணக்கூடிய அரிய இடங்களில் ஒன்று. சென்னை பெரம்பூரில் ஐசிஎஃப் வளாகத்தை ஒட்டிய ரயில் அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்களோடு மாதிரிகளும் உள்ளன. லேசரில் வெட்டிய மெல்லிய பலகையும் முப்பரிமாண அச்சும் இன்று மலிவாகிவிட்டதால் முழுக் கட்டடத்தையும் பித்தளையில் செய்வோர் குறைந்துவருகின்றனர். சுவர் பலகையில், ஜன்னலும் கிராதியும் படிக்கட்டும் பித்தளையில் என்ற கலப்பு முறையே இப்போது மிகுதி. விலைக்கும் தோற்றத்துக்கும் அதுவே நல்ல வழி.

மூலக் கட்டடங்கள் வேகமாக மாறுகின்றன. 1992-இல் தொடங்கிய ஒரே கேஜ் திட்டத்தின் தொடர்ச்சியாக விழுப்புரம்–காட்பாடி பாதை அகலமாக்கப்பட்டு, 2010 வாக்கில் அகலப்பாதை ரயில்கள் ஓடத் தொடங்கின. அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்ட திருவண்ணாமலை, போளூர் நிலையங்கள் 2025 மே மாதம் திறந்துவைக்கப்பட்டன. இப்பாதையில் பணிபுரிந்தவர்களின் வீடுகளில் பழைய புகைப்படம், வரைபட நகல், நிலையத்தின் நீள அகலக் குறிப்பு எது இருந்தாலும் அதை ஸ்கேன் செய்து, ஊர்ப் பெயரும் ஆண்டும் எழுதிப் பாதுகாத்து வையுங்கள். எங்காவது பழைய நிலையக் கட்டடம் எஞ்சி நின்றால், உரிய அனுமதியோடு டேப் வைத்து அளந்து, ஒரு கதவின் உயரத்தையாவது குறித்துக்கொள்ளுங்கள்.