பேக்லிங்க்கை விலைக்கு வாங்கலாமா? பிசினஸ் வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எஸ்.இ.ஓ கைடு!

“சார், உங்க வெப்சைட் பார்த்தோம். கூகுள்ல மூணாவது பக்கத்துலகூட வரலை. எங்க பேக்கேஜ் எடுத்தீங்கன்னா 30 நாள்ல முதல் இடம் கியாரன்ட்டி. 500 பேக்லிங்க் ஃப்ரீ!”

சொந்தமாக ஒரு தொழில், அதற்கு ஒரு வெப்சைட் என்று வைத்திருந்தால் இப்படி ஒரு போன்காலோ, மெயிலோ உங்களுக்கும் வந்திருக்கும். போட்டிக் கடையின் பெயர் கூகுளில் முன்னால் வந்து நிற்கும்போது, ‘கட்டித்தான் பார்ப்போமே’ என்று மனசு சபலப்படுவதும் இயல்புதான். ஆனால், அந்த 500 லிங்க் உங்கள் கடைக்குக் கூட்டம் சேர்க்குமா, இல்லை வந்துகொண்டிருக்கும் நாலு பேரையும் நிறுத்திவிடுமா? பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

லிங்க் என்றால் சிபாரிசு

ஒருவர் கூகுளில் தேடும்போது, உங்கள் பக்கம் அவருக்குப் பொருத்தமானதாக இருந்தால் அதை முன்னால் கொண்டுவரச் செய்யும் வேலைக்குப் பெயர்தான் எஸ்.இ.ஓ. இது விளம்பரம் அல்ல. ‘ஸ்பான்சர்டு’ என்று போட்டு மேலே வருவது காசு கொடுத்த விளம்பரம். அதற்குக் கீழே வரும் ரிசல்ட்டுகளில் இடம் பிடிக்க கூகுளுக்கு யாரும் பணம் கட்ட முடியாது.

இதில் பேக்லிங்க் எங்கே வருகிறது? வேறொரு வெப்சைட் தன் பக்கத்திலிருந்து உங்கள் பக்கத்துக்குக் கொடுக்கும் லிங்க்தான் பேக்லிங்க். 1990-களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் இந்த லிங்க்குகளைச் சிபாரிசாக எடுத்துக்கொண்டால் என்ன என்று யோசித்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ‘பேஜ்ரேங்க்’. 1998-ல் கூகுள் நிறுவனம் அதன் மேல்தான் எழுந்து நின்றது.

புது ஊருக்குப் போகிறீர்கள், நல்ல மெஸ் எது என்று நாலு பேரிடம் கேட்கிறீர்கள். நாலு பேரும் ஒரே மெஸ்ஸைச் சொன்னால் நம்புவீர்கள். அதில் ஒருவர் அந்த ஊரிலேயே ருசிக்குப் பேர் போனவர் என்றால், அவர் வார்த்தைக்கு மதிப்பு கூடுதல். ஆனால், நாலு பேரும் அந்த மெஸ்காரரிடம் கமிஷன் வாங்குபவர்கள் என்று தெரிந்துவிட்டால்? பேஜ்ரேங்க்கின் கதையும் அதுதான், காசு கொடுத்து வாங்கும் லிங்க்கின் கதையும் அதுதான்.

இன்றைக்கு கூகுள் லிங்க்கை மட்டும் பார்ப்பதில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது, தேடுபவர் எந்த ஊரில் இருக்கிறார், எந்த மொழியில் தேடுகிறார், பக்கம் மொபைலில் ஒழுங்காகத் திறக்கிறதா என்று நிறைய பார்க்கிறது. ஆனாலும், லிங்க் இன்னமும் அதில் ஒன்று.

பெரிய கடைகளே மாட்டிய கதை

அமெரிக்காவின் ஜே.சி.பென்னி பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர். ‘டிரெஸ்’, ‘பெட்ஷீட்’ போன்ற சாதாரண வார்த்தைகளைத் தேடினாலும் அந்தக் கடைதான் கூகுளில் முதலில் வந்தது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் இதைத் தோண்டியது. கடைக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஏராளமான வெப்சைட்டுகளிலிருந்து ஜே.சி.பென்னிக்கு லிங்க் போடப்பட்டிருந்தது தெரியவந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்ததும் முதல் இடத்தில் இருந்த பக்கங்கள் சில நாள்களிலேயே பல பக்கங்கள் பின்னால் போய்விட்டன. ‘எங்களுக்குத் தெரியாமல் நடந்தது’ என்று சொல்லி, நிறுவனம் தன் எஸ்.இ.ஓ ஏஜென்சியை நீக்கியது. கவனியுங்கள், தெரிந்து செய்தாலும் தெரியாமல் நடந்தாலும் இறங்கியது கடையின் பெயர்தான்.

2013-ல் பிரிட்டனில் இன்டர்ஃப்ளோரா என்ற பூ விற்பனை நிறுவனத்துக்கு இன்னும் மோசம். காதலர் தினம் முடிந்து, அங்கே மார்ச்சில் வரும் அன்னையர் தினத்துக்குக் கடைகள் தயாராகும் நேரம். தன் சொந்தப் பெயரைத் தேடினால்கூட கூகுளில் அந்த வெப்சைட் வரவில்லை. உள்ளூர் செய்தித்தாள்களின் வெப்சைட்டுகளில் வந்த விளம்பரக் கட்டுரைகளின் லிங்க்குகள்தான் காரணம் என்று எஸ்.இ.ஓ துறையினர் கண்டுபிடித்துச் சொன்னார்கள். லிங்க்குகளை அவசரமாக நீக்கி, அன்னையர் தினத்துக்குச் சற்று முன்னால்தான் மீண்டும் தலைகாட்டியது. அது பெரிய நிறுவனம், தாங்கிக்கொண்டது. தீபாவளி சீஸனில் உங்கள் கடைக்கு இப்படி நடந்தால் தாங்குமா?

நடுவில் 2012 ஏப்ரலில் கூகுள் ‘பென்குயின்’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. செயற்கையாக லிங்க் சேர்த்த வெப்சைட்டுகளை அது கொத்தாகக் கீழே இறக்கியது. 2016-லிருந்து பென்குயின் கூகுளின் மூல அல்காரிதத்திலேயே ஓர் அங்கம். இப்போது பெரும்பாலும் அப்படிப்பட்ட லிங்க்குகளை கூகுள் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. அதாவது, நீங்கள் கொடுத்த காசு போச்சு. அளவுக்கு மீறிப் போனால் ஆளே பார்த்து தண்டனை கொடுப்பதும் உண்டு. அதற்கு ‘மேனுவல் ஆக்‌ஷன்’ என்று பெயர்.

சரி, அப்போ என்னதான் செய்றது?

ஓர் உதாரணத்தோடு போவோம். நீங்கள் கோவையில் வெட் கிரைண்டர் தயாரித்து விற்பவர் என்று வைத்துக்கொள்வோம். புவிசார் குறியீடே வாங்கிய ஊர்ப் பொருள். ஆனால், கூகுளில் தேடினால் உங்கள் பெயர் வரவில்லை.

1. முதலில் உங்கள் வீட்டைச் சரிசெய்யுங்கள்

லிங்க்கைத் தேடிப் போவதற்கு முன்னால், வருகிறவர்களுக்கு வெப்சைட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்ற வரியை யாரும் கூகுளில் தேடுவதில்லை. ‘2 லிட்டர் டில்டிங் கிரைண்டர் விலை’, ‘கிரைண்டர் கல் சுத்தலை’, ‘கிரைண்டர் பெல்ட் எங்கே கிடைக்கும்’ என்றுதான் தேடுவார்கள். உங்கள் கடைக்கு வரும் போன்கால்களில் மக்கள் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் ஒரு மாசம் எழுதுங்கள். அதுதான் உங்கள் கீவேர்ட் லிஸ்ட். ஒவ்வொரு கேள்விக்கும் தெளிவான பதிலோடு ஒரு பக்கம், அந்தப் பக்கத்துக்குப் பொருத்தமான தலைப்பு, நீங்களே எடுத்த போட்டோ... இது போதும், பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

2. மேப்பில் இருக்கிறீர்களா?

‘பக்கத்தில் கிரைண்டர் சர்வீஸ்’ என்று தேடுபவருக்கு முதலில் வருவது மேப்தான். கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். தேடலுக்கு நீங்கள் எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள், எவ்வளவு பேருக்குத் தெரிந்தவர் என்ற மூன்றையும் வைத்துதான் அங்கே வரிசை. கடைப் பெயர், முகவரி, போன் நம்பர், திறந்திருக்கும் நேரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். வாடிக்கையாளரிடம் ரிவ்யூ கேட்கலாம், தப்பில்லை. ஆனால், ‘அஞ்சு ஸ்டார் போட்டா டிஸ்கவுன்ட்’ என்றால் அது கூகுள் விதிக்கு விரோதம்.

3. தெரிந்தவர்களிடம் இருந்து தொடங்குங்கள்

நல்ல லிங்க்குகள் பல, உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் உறவுகளில்தான் இருக்கின்றன. கேட்காமல் விட்டிருப்பீர்கள், அவ்வளவுதான்.

* உங்கள் பொருளை விற்கும் டீலர்களின் வெப்சைட்டில் ‘தயாரிப்பாளர்’ என்று உங்கள் பெயர் இருக்கும். அதில் லிங்க் இருக்கிறதா?
* நீங்கள் உறுப்பினராக இருக்கும் தொழில் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், நீங்கள் ஸ்டால் போட்ட கண்காட்சியின் பக்கம்.
* மாணவர்களை உங்கள் பட்டறைக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் அழைத்து வந்த பாலிடெக்னிக்கோ, இன்ஜினீயரிங் காலேஜோ அதைப் பற்றித் தங்கள் பக்கத்தில் எழுதியிருக்கலாம்.
* உங்களைப் பற்றி எப்போதோ செய்தி வந்திருக்கும். பெயர் இருக்கும், லிங்க் இருக்காது. ‘எங்கள் வெப்சைட் முகவரியையும் சேர்க்க முடியுமா?’ என்று மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள்.
* வெப்சைட் முகவரியையோ, பக்கங்களையோ மாற்றியிருந்தால், பழைய லிங்க்குகள் வெறும் ‘எரர்’ பக்கத்தில் போய் முட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் புதுப் பக்கத்துக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள். புதிதாக ஒரு லிங்க்கூட வாங்காமல், இழந்ததை மீட்கும் வழி இது.

கேளுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். ‘லிங்க் போட்டால்தான் டீலர்ஷிப்’ என்பது கூகுள் கணக்கில் மோசடி லிங்க்தான்.

4. லிங்க் தானாக வரும் பக்கம் ஒன்று

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு இங்கிருந்து கிரைண்டர் வாங்கி அனுப்ப நினைக்கும் பெற்றோர் எத்தனை பேர்! ‘அங்கே ஓடுமா?’ என்பதுதான் அவர்கள் முதல் கேள்வி. இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டனில் வோல்டேஜ் நம்ம ஊர் மாதிரிதான், பிளக் மட்டும் வேறு. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்டேஜ் மாறும், ஹெர்ட்ஸ் மாறாது. இதையெல்லாம் நாடுவாரியாக ஒரு அட்டவணையாகப் போட்டு, உங்கள் எந்த மாடல் எங்கே ஓடும் என்று நேர்மையாகச் சொல்லுங்கள். ‘இந்த மாடல் அங்கே ஓடாது, வாங்காதீங்க’ என்பதையும் சேர்த்து.

இப்படி ஒரு பக்கம் இருந்தால், வெளிநாட்டில் சமையல் பிளாக் எழுதுபவர், தமிழ்ச் சங்கத்தில் புதிதாக வருபவர்களுக்குக் குறிப்பு எழுதுபவர் என்று தேவைப்படுபவர்கள் அவர்களாகவே எடுத்துக் காட்டுவார்கள். காசு கொடுத்து வாங்கிய 500 லிங்க்கைவிட, இப்படி வரும் ஐந்து லிங்க்குக்கு மதிப்பு அதிகம். அதோடு, லிங்க் வழியாக வருபவர் ஏற்கெனவே கிரைண்டர் வாங்கும் யோசனையில் இருப்பவர்!

உங்கள் தொழில் வேறாக இருக்கலாம். பட்டுச்சேலை என்றால் சுத்தமான ஜரிகையைக் கண்டுபிடிப்பது எப்படி, டிராவல்ஸ் என்றால் எந்த மாசத்தில் எந்த மலைப்பாதைக்கு இ-பாஸ் வேண்டும்... உங்களுக்குத் தினசரி அனுபவத்தில் தெரிந்த, மற்றவர்களுக்குத் தேடினாலும் கிடைக்காத ஒரு விஷயம் கட்டாயம் இருக்கும். அதை எழுதுங்கள்.

5. விளம்பரம் தரலாமா?

தாராளமாகத் தரலாம். பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஸ்பான்சர் செய்யலாம், பிளாகரிடம் காசு கொடுத்து எழுதச் சொல்லலாம். ஒரே ஒரு நிபந்தனை. அப்படி வரும் லிங்க்கில் ‘ஸ்பான்சர்டு’ அல்லது ‘நோஃபாலோ’ என்ற குறியீடு இருக்க வேண்டும். ‘இது விளம்பரம், சிபாரிசாகக் கணக்கிட வேண்டாம்’ என்று கூகுளுக்குச் சொல்லும் அடையாளம் அது. ஆட்கள் வருவார்கள், வம்பு வராது.

ஏஜென்சியிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

நேரமில்லை, ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றால் நல்ல ஏஜென்சிகளும் இருக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்.

* “முதல் இடத்துக்கு கியாரன்ட்டி உண்டா?” உண்டு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.
* “எத்தனை நாளில் பலன் தெரியும்?” பொதுவாக நாலு மாசத்திலிருந்து ஒரு வருஷம்வரை ஆகும் என்பது கூகுளின் கணக்கு. 30 நாள் என்பவரிடம் ஜாக்கிரதை.
* “எந்தெந்த வெப்சைட்டிலிருந்து லிங்க் வரும்? லிஸ்ட் தருவீர்களா?” ‘அது எங்க சீக்ரெட்’ என்றால், அந்த ரகசியத்துக்கு நாளை நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.
* “டொமைன், ஹோஸ்டிங், பிசினஸ் புரொஃபைல் யார் பெயரில் இருக்கும்?” உங்கள் பெயரில், உங்கள் மெயில் ஐ.டி-யில்தான் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால், ஏஜென்சியோடு சண்டை வரும் நாளில் கடைச் சாவியே அவர்கள் கையில் இருக்கும்.
* “மாசாமாசம் எதைக் காட்டுவீர்கள்?” லிங்க் எண்ணிக்கை வேண்டாம். எத்தனை போன்கால், எத்தனை ஆர்டர் என்று கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிட்டேனே... இப்போ?

பதற்றப்பட வேண்டாம். ‘கூகுள் சர்ச் கன்சோல்’ என்ற இலவச டூலில் உங்கள் வெப்சைட்டைப் பதிவுசெய்யுங்கள். அதில் ‘மேனுவல் ஆக்‌ஷன்’ பகுதி காலியாக இருந்தால், புதிதாக வாங்குவதை நிறுத்துங்கள், அது போதும். தண்டனை வந்திருந்தால், லிங்க் போட்டவர்களுக்கு எழுதி நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுப்பவற்றை ‘டிஸ்அவோ’ டூல் மூலம் கூகுளிடம் பட்டியலாகக் கொடுக்கலாம். பிறகு, என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதி மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். தண்டனை எதுவும் வராத நிலையில் டிஸ்அவோ பக்கம் போகவே போகாதீர்கள், நல்ல லிங்க்கையும் சேர்த்து வெட்டிவிட வாய்ப்பு உண்டு.

அடுத்த முறை அந்த போன்கால் வரும்போது, “500 லிங்க் வேண்டாம் சார். எங்க கடையைப் பற்றி உண்மையாகவே தெரிந்த அஞ்சு பேர் சொன்னால் போதும்” என்று சொல்லிவிட்டு, அந்தக் கேள்வி நோட்டை எடுத்து முதல் பக்கத்தை எழுத ஆரம்பியுங்கள்!