தென்னார்க்காடு தந்த தலைவர் எல். இளையபெருமாள்

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நமக்கு முன்னர் நடந்து பாதை அமைத்தவர்களை நினைவுகூர்வது நம் கடமையாகும். கள்ளக்குறிச்சி இன்று தனி மாவட்டம். 1993ஆம் ஆண்டு வரை அது பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. அம்மாவட்டம் நம் சமுதாயத்திற்கு அளித்த பெருந்தலைவர்களுள் ஒருவர் எல். இளையபெருமாள் ஆவார். நம் இளைஞர்களுள் பலர் அவர் பெயரைக்கூட அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

அன்னார் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் 1924ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் பிறந்தார். அவர் பயின்ற பள்ளியில் நம் பிள்ளைகளுக்கெனத் தனித் தண்ணீர்ப் பானை வைக்கப்பட்டிருந்தது. சாதிப் பெயர் எழுதிய அப்பானையை மாணவர் இளையபெருமாள் உடைத்தெறிந்தார் என்றும், அதன் பின்னரே அங்கு இரட்டைப் பானை முறை ஒழிந்தது என்றும் கூறுவர். வளர்ந்தபின் ஊர் ஊராகச் சென்று, சாவுக்குப் பறையடிப்பதும் செத்த மாட்டைத் தூக்குவதும் நம்மவர் தலைமேல் சுமத்தப்பட்ட இழிதொழில்கள் என எடுத்துரைத்து, அவற்றைக் கைவிடச் செய்யப் போராடினார்.

1952ஆம் ஆண்டின் முதல் பொதுத்தேர்தலில் கடலூர்த் தொகுதியிலிருந்து காங்கிரசுக் கட்சியின் சார்பில் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு. பொது உறுப்பினர் ஒருவரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவரும் ஒரே தொகுதியிலிருந்து செல்லும் இரட்டை உறுப்பினர் முறை அன்று நடைமுறையில் இருந்தது. 1957இல் சிதம்பரத்திலிருந்தும், 1962இல் மூன்றாம் முறையாகவும் அவர் மக்களவை சென்றார்.

அவருடைய வாழ்வின் பெரும்பணி 1965இல் தொடங்கியது. தீண்டாமை குறித்தும், தாழ்த்தப்பட்டோரின் கல்வி, பொருளாதார நிலை குறித்தும் ஆராய மைய அரசு அமைத்த குழுவிற்கு அவர் தலைவரானார். இமயம் முதல் குமரி வரையுள்ள நாட்டின் நிலையைக் குழு ஆராய்ந்தது. தேநீர்க் கடையில் தனிக் குவளை, ஊர்க் கிணற்றில் தடை, கோயில் வாயிலில் மறுப்பு ஆகிய கொடுமைகள் 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டத்திற்குப் பின்னரும் ஒழியவில்லை என்பதைப் பதிவு செய்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் நாற்பத்து நால்வர் தீக்கிரையாயினர். அடுத்த மாதமே, 1969 ஜனவரியில், குழு தன் அறிக்கையை அளித்தது.

அதன் பயன் யாது? பழைய சட்டத்தில் அபராதத்தோடு மட்டும் குற்றவாளி தப்பிவிட முடியும். அறிக்கையைத் தொடர்ந்து அச்சட்டம் திருத்தப்பட்டு, 1976 நவம்பர் 19 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயருடன் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது ஒரு மாதச் சிறையும் நூறு ரூபாய் அபராதமும் கட்டாயமாயின. வற்புறுத்திச் சமரசம் செய்து வழக்கை முடிக்கும் வழியும் அடைக்கப்பட்டது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்ற குழுவின் பரிந்துரையைச் சுட்டியே தமிழக அரசு 1970இல் சட்டம் இயற்றியது. ஆயினும் அறிக்கைக்கும் திருத்தச் சட்டத்திற்கும் இடையில் ஏழாண்டுகள் கழிந்தன என்பதையும் நாம் மறத்தலாகாது.

அதே 1976ஆம் ஆண்டில்தான் நம் மேற்குத் திசையில் நிற்கும் கல்வராயன் மலையும் ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டு அரசின் வசமாயிற்று. நாடு விடுதலை பெற்று இருபத்தொன்பது ஆண்டுகள் சென்ற பின்னரே மலைவாழ் மக்களுக்கு அவ்விடிவு வந்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அம்மக்களின் நிலையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டதை நோக்கினால், அங்கும் பணி முடியவில்லை என்பது விளங்கும். ஊரில் சேரி, மலையில் ஜாகீர். அடிமைத்தனம் இரு உருவங்களில் நின்றது. ஆகவே மலைமக்களின் துயரை அயலார் துயர் என நாம் எண்ணுதல் தகாது.

இளையபெருமாள் 1979-80இல் தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டித் தலைவராகவும், 1980இல் எழும்பூர்ச் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். பிற்காலத்தில் மனித உரிமைக் கட்சியைத் தொடங்கினார். பெரிய கட்சிக்குள் இருந்து போராடியதால் பயன் விளைந்ததா, தனித்து நின்றிருந்தால் மிகுந்திருக்குமா என்பது நம்மவரிடையே இன்றும் நிகழும் விவாதம். இரண்டு வழியையும் அவரே நடந்து பார்த்தார் என்பதே நாம் தரும் விடை. 2005 செப்டம்பர் 8 அன்று அவர் மறைந்தார். சிதம்பரத்தில் அவருக்கு எழுப்பப்பட்ட நூற்றாண்டு நினைவரங்கம் 2025இல் திறக்கப்பட்டது.

இளைஞர்களே! பானையை உடைப்பதற்குத் துணிவு போதும். ஆனால் நாடெங்கும் உள்ள பானைகளைக் கணக்கெடுத்து, சாட்சியம் திரட்டி, சட்டத்தையே திருத்தச் செய்வதற்குக் கல்வி வேண்டும். அவர் இரண்டையும் செய்தார். சட்டம் இன்று நம் கையில் உள்ளது. அதைப் படித்துணர்ந்து, முறையீட்டைத் தெளிவாக எழுதத் தெரிந்த ஒருவரேனும் ஒவ்வொரு குடியிருப்பிலும் உருவாக வேண்டும். நம் கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் அப்பணிக்கே உரியவை ஆகுக!