சிறைக் கொட்டடியில் ஒரு பேராயர்



ஜப்பான்காரன் காலம் என்றால், சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பேச்சுத்தான் நம் தோட்டத்துக் குடும்பங்களில் முதலில் வரும். அது வர வேண்டியதுதான். ஆனால் அதே காலத்தில் சிங்கப்பூரில் ஒரு சிறைக் கொட்டடியில் நடந்ததை இன்று சொல்ல விரும்புகிறோம். "இவ்வளவு கஷ்டம் வந்ததே, சாமி எங்கே போச்சு?" என்று துக்க வீடுகளில் கேட்கிறோம் அல்லவா? அந்தக் கேள்வியை அங்கே ஒரு மனிதரிடம், அவரை அடித்துக்கொண்டே கேட்டார்கள்.

அவர் பெயர் லெனர்ட் வில்சன்; இங்கிலாந்துக்காரர். 1941-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் சிங்கப்பூர்ப் பேராயரானார். மலாயாவும் அன்று அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. வெள்ளைக்காரர்கள் அடைத்து வைக்கப்பட்டபோதும், பேராயர் ஓராண்டு காலம் வெளியே இருந்து தேவாலயப் பணிகளைக் கவனிக்க முடிந்தது. அதற்கு உதவியவர் ஓகாவா என்ற ஜப்பானிய அதிகாரி, அவரும் கிறிஸ்தவரே. ஜப்பானியர் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறோம். 1943 மார்ச்சில் பேராயரும் சாங்கி சிறைக்குள் போனார்.

அந்த ஆண்டு செப்டம்பர் 26 இரவு, ஆஸ்திரேலியாவிலிருந்து மீன்பிடிப் படகு ஒன்றில் இரகசியமாக வந்த நேசநாட்டு வீரர்கள், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கு வெடி வைத்துவிட்டுத் தப்பினார்கள். சாங்கியில் அடைபட்டவர்கள்தான் வெளியே செய்தி அனுப்பி இதைச் செய்வித்தார்கள் என்று கெம்பெய்த்தாய் என்ற இராணுவப் போலீசார் நினைத்தார்கள். உண்மையில் அவர்களுக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. அக்டோபர் 10-ஆம் தேதி சிறை சோதனையிடப்பட்டது. அதைத் தொடர்ந்து 57 பேர் விசாரணைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். பேராயர் அவர்களுள் ஒருவர்.

ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தை அப்போது கெம்பெய்த்தாய் பிடித்து வைத்திருந்தது. கொட்டடிகளில் ஆணும் பெண்ணும் நெருக்கியடித்து அடைக்கப்பட்டிருந்தார்கள். காலை எட்டு மணி முதல் இரவு பத்து மணி வரை தரையில் முழங்கால்களை உயர்த்தி மடக்கி நிமிர்ந்து உட்கார வேண்டும், பேசக் கூடாது. இரவெல்லாம் விளக்கு எரியும். பாய், போர்வை கிடையாது. குடிக்கவும் கழுவவும் கழிவறைத் தொட்டியின் தண்ணீர்தான்.

பேராயரை மேசையில் கட்டி, ஆள் மாற்றி ஆள் கயிற்றால் அடித்தார்கள். இன்னும் உன் கடவுளை நம்புகிறாயா என்று கேட்டார்கள். நம்புகிறேன் என்றார். அப்படியானால் அவர் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்றார்கள். காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறார், வலியிலிருந்து விடுவித்து அல்ல, அதைத் தாங்கும் மனத்தைக் கொடுத்துக் காப்பாற்றுகிறார் என்ற பொருளில் அவர் விடை சொன்னார்.

இதைக் கேட்டு அவரை இரும்பு மனிதர் என்று எண்ணிவிட வேண்டாம். போர் முடிந்து, 1946 அக்டோபரில் லண்டன் பி.பி.சி. வானொலியில் பேசியபோது அவரே மனம் திறந்து சொன்னார்: முதல் அடிக்குப் பிறகு, தைரியம் தா என்று ஜெபிக்கவே அவருக்குப் பயமாக இருந்ததாம். தைரியத்தைக் கேட்டால், அதைக் காட்டுவதற்கு இன்னொரு அடியும் சேர்ந்து வந்துவிடுமோ என்ற பயம்! நமக்கு அவருடைய விடையைவிட இந்தப் பயம்தான் மிக நெருக்கமாகப் படுகிறது. வாய்விட்டுக் கேட்க முடியாமல் போனாலும், சொல்லாத அந்த ஜெபம் உள்ளே இருந்துகொண்டே இருந்தது என்றார்.

அடிப்பவர்களை மன்னிக்கும்படி வேண்டியபோதும், உண்மையாகத்தான் வேண்டுகிறோமா, அல்லது நாடகம் ஆடுகிறோமா என்று தன்னையே சந்தேகப்பட்டார். அவர்கள் முகங்கள் கடுமையாக இருந்தன. சிலர் அடிப்பதில் மகிழ்ச்சியும் கண்டார்கள். அந்த நேரத்தில் அவர்களைச் சின்னப் பிள்ளைகளாக, தாய் தகப்பனிடம் அண்ணன் தம்பிகளோடு வளர்ந்த பிள்ளைகளாக நினைத்துப் பார்த்தாராம். பிள்ளைகளை வெறுப்பது கடினம் அல்லவா? அதுவும் போதவில்லை. கிறிஸ்துவால் திருந்தினால் இவர்கள் எப்படி ஆவார்கள் என்று நினைத்த பிறகே மனம் இளகியது.

ஜெபித்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள் என்று சொல்ல நமக்கு வாயில்லை. 57 பேரில் 15 பேர் இறந்தார்கள். நம் தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் போனவர்களும் அவரவர் தெய்வத்தைக் கூப்பிடாமலா இருந்திருப்பார்கள்? பிழைத்து வந்த பேராயரை உயர்த்திப் பேசும்போது அவர்களைத் தாழ்த்திவிடக் கூடாது.

எட்டு மாதங்களுக்குப் பிறகு பேராயரை விட்டார்கள். வெளியே வந்ததும் உடம்பில் பட்ட வெயில், அவருக்கு உயிர்த்தெழுதல் போல இருந்ததாம். தினமும் வெயிலில் நிற்கும் நமக்கு இது விளங்கச் சற்று நேரமாகும்.

1946-இல் சிங்கப்பூரில் நடந்த விசாரணையில் 21 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள்; எட்டுப் பேருக்கு மரண தண்டனை. சட்டம் தன் வேலையைச் செய்தது. அது ஒரு பக்கம். போர் முடிந்தபின், கைதிகளாக இருந்த ஜப்பானியர் சிலர் திடப்படுத்தல் பெறுவதற்காகச் சிறையிலிருந்து பேராலயத்துக்கு அழைத்து வரப்பட்டார்கள். அவர்களுள் ஒருவன், அன்று கையில் கயிற்றோடு பேராயர்முன் நின்றவன். அவன் முகம் சாந்தமாக மாறியிருந்தது என்று பேராயர் சொன்னார். அந்தச் சடங்கில் பேராயர் தம் கைகளைத் தலைமேல் வைத்து ஜெபிக்க வேண்டும். அவன் தலைமேலும் வைத்து ஜெபித்தார்.