புதுச்சேரி அடிமை வணிகம்

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் விலைக்கு வாங்கியும் கடத்தியும் ஐரோப்பியக் கப்பல்களில் ஏற்றி அனுப்பிய வணிகம் இது. பழவேற்காடு, சென்னை, நாகப்பட்டினம் எல்லாவற்றிலும் இது நடந்தது. புதுச்சேரியும் விலக்கல்ல. விழுப்புரத்திலிருந்து கண்டமங்கலம் வழியாகப் பேருந்தில் இங்கே வந்து இறங்கி, பிரெஞ்சுக் குடியிருப்பாயிருந்த வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர்களைப் படம் எடுத்துத் திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் கேள்விப்படாத வரலாறு.

பஞ்சம்தான் இதற்குப் பெரிய தரகன். மழை பொய்த்தும் படைகள் வயலை மிதித்தும் ஊர் காலியான ஆண்டுகளில், சோற்றுக்காகப் பெற்ற பிள்ளையை விற்றவர்கள் உண்டு. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் காலூன்றியது 1674-இல். அவர்களுக்கு இந்தியப் பெருங்கடலில் பூர்போன் (இன்றைய ரீயூனியன்), பிரான்ஸ் தீவு (இன்றைய மொரீசியசு) ஆகியவற்றில் ஆள் தேவைப்பட்டது. அங்கே போன அடிமைகளில் பெரும்பங்கினர் மடகாஸ்கரையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்தவர்கள். தமிழர்களும் அவர்களோடு இருந்தார்கள்.

ஆட்கள் எப்படிப் பிடிக்கப்பட்டார்கள் என்பதற்கு சமகாலச் சாட்சி, பிரெஞ்சுக்காரரிடம் துபாசியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட அதில், 1743-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று ஆள்பிடிக்கும் கூட்டம் அம்பலமான கதையைச் சொல்கிறது. வேலை தருவதாக ஆசைகாட்டி ஊர்ப்புறத்து ஏழைகளை அழைத்து வருவார்கள். மருந்து கலந்த சுண்ணாம்பை வெற்றிலையில் தடவிக் கொடுத்து மயக்குவதும் உண்டாம். பிறகு தலையை மழித்து, கறுப்புத் துணி உடுத்தி, காலில் விலங்கு பூட்டி, கப்பல் வரும்வரை அடைத்து வைப்பார்கள். வெற்றிலை கொடுப்பது நம் ஊரில் மரியாதை. அந்த மரியாதையையே வலையாக்கியிருக்கிறார்கள்.

அப்போது ஆளுநர் டூப்ளே. 1742-இல் பதவியேற்றவர். அவருக்குக் கடற்கரைச் சாலையில் 1870-இல் வைத்த சிலை இன்றும் நிற்கிறது.

பிரான்சு 1794-இல் அடிமைமுறையை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் அதை மீட்டார். முடிவாக ஒழிந்தது 1848-இல். ஆனால் கரும்புத் தோட்டங்களின் பசி தீரவில்லை. ஒப்பந்தக் கூலி என்ற பெயரில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் மீண்டும் கப்பல்கள் கிளம்பின. 1853-இல் 'ஒரேலி' என்ற கப்பல் கரிபியக் கடலின் மார்த்தினிக் தீவை அடைந்தது. அடுத்த ஆண்டு குவாதலூப்பை. 1860-61 உடன்படிக்கைகள் ஆங்கிலேய எல்லைக்குள்ளும் ஆள் சேர்க்க வழி திறந்தன. ஆகவே, புதுச்சேரியைச் சுற்றியிருந்த தென்னார்க்காட்டுக் கிராமங்களுக்கு இது பக்கத்து நாட்டுச் செய்தி அல்ல. ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவரை அடிமை என்று சட்டம் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆனால் விடுதலையான அடிமை விட்டுச்சென்ற இடத்தை நிரப்பத்தான் அவர் அழைக்கப்பட்டார்.

இந்த நினைவு அக்கரையில் உயிரோடு இருக்கிறது. ரீயூனியனில் டிசம்பர் 20, மொரீசியசில் பிப்ரவரி 1, அடிமை ஒழிப்பு நாளுக்கு அரசு விடுமுறை. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்திருந்த, மொரீசியசின் லெ மோர்ன் மலையை 2008-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. சென்னை ஆளுநராயிருந்த எலைகு யேலின் பெயரைத் தாங்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகமும், அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக 2024-இல் மன்னிப்புக் கேட்டது.

கப்பல் கிளம்பிய கரைக்கும் நினைவுகூரும் கடமை உண்டு. ரங்கப் பிள்ளையின் மாளிகை புதுச்சேரியில் இன்றும் இருக்கிறது; நாட்குறிப்பு தமிழில் அச்சாகிக் கிடைக்கிறது. அந்த 1743-ஆம் ஆண்டுப் பக்கத்தைக் கல்லில் பொறித்து, டூப்ளே சிலைக்கு எதிரே நிறுத்த வேண்டும்.